அந்தியூருக்குப் போகும் குதிரைகள்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, வண்டலூர்ப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களே, இன்றைய பயணம் உங்கள் வாசலிலிருந்துதான் கிளம்புகிறது.

நம் தென்சென்னைப் புறநகரில் குதிரையை எங்கே பார்க்கிறோம்? மாப்பிள்ளை அழைப்பில் பார்க்கிறோம். ஜிகினாத் துணி போர்த்தி, பேண்டு வாத்தியத்துக்கும் வெடிக்கும் நடுவே, ஜிஎஸ்டி சாலை ஓரத்தில் பொறுமையாக நிற்கும் அந்த வெள்ளைக் குதிரையை. பெசன்ட் நகர் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று சுற்றி இறக்கிவிடும் குதிரையை. கிண்டியில் பந்தயக் குதிரைகள் ஓடிய 160 ஏக்கர் மைதானத்தின் குத்தகையை அரசு 2024-இல் ரத்து செய்துவிட்டது. அவ்வளவுதான் நம் குதிரைக் கணக்கு.

காட்டுக்குக் குறைவில்லை. மேடவாக்கம் சாலையில் நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. அங்குள்ள பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. வண்டலூர்க் காட்டை ஒட்டி 1985 முதல் உயிரியல் பூங்கா. 1937-இல் கிறித்தவக் கல்லூரி பாரிமுனையை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தபோது கிடைத்ததும் புதர்க்காட்டு நிலம்தான். அதன் மிச்சத்தை அந்த வளாகத்துக்குள் இன்றும் பார்க்கலாம். ஆனால் இந்தக் காடுகளில் ஒன்றிலும் நீங்கள் குதிரையேறிப் போக முடியாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் காலால் நடந்து போவதே குற்றம்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே தேசிய வனங்களில் குதிரைக்காரர்களுக்கென்றே முகாம்கள் உண்டு. குதிரையை வண்டியில் ஏற்றி வருகிறார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே, குதிரையின் தலைக்கு மேலே உயரமாக ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி அதில் குதிரையைப் பிணைக்கிறார்கள். மரப்பட்டை அறுபடாமலிருக்க அகலமான பட்டையைச் சுற்றிய பிறகுதான் கயிறு கட்ட வேண்டும். வெளியூர்க் களைவிதை காட்டில் விழுந்து முளைத்துவிடும் என்பதால், பல இடங்களில் களையில்லாத வைக்கோல் என்று சான்றிட்ட தீவனத்தைத்தான் உள்ளே விடுகிறார்கள். காலையில் சாணத்தைக் கூட்டி அப்புறப்படுத்திவிட்டு, காட்டுத்தடத்தில் சவாரி.

நம் ஊரில் அப்படி ஒன்று உண்டா என்று கேட்பீர்கள். பொழுதுபோக்குக்கு இல்லை, பிழைப்புக்கு உண்டு. மனிதரும் குதிரையும் ஒரே இடத்தில் படுத்தெழும் முகாம் ஓரிடத்தில், குதிரை நடக்கும் மலைத்தடம் வேறோரிடத்தில். முதலில் முகாம்.

கிளாம்பாக்கத்தில் இரவு பஸ் ஏறுங்கள். செங்கல்பட்டு, விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, ஆத்தூர், சேலம் தாண்டி, விடியும் நேரத்தில் பவானி. காவிரியும் பவானியும் கூடும் துறையில் முகம் கழுவிக்கொண்டு, அங்கிருந்து அந்தியூருக்கு இன்னொரு பஸ். மொத்தம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பவானியிலேயே ஒரு ஜமக்காளம் வாங்கிக்கொள்ளுங்கள். புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பது ஒருபக்கம் இருக்க, இரவு அதில்தான் படுக்கப் போகிறீர்கள்.

அந்தியூர் ஈரோடு மாவட்டத்தின் வடக்கே, பர்கூர் மலையடிவாரத்தில் இருக்கிறது. வெற்றிலைக்குப் பேர்போன ஊர். ஊரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில். ஆடி மாதம் பிற்பகுதியில், புதன்கிழமை தொடங்கி நான்கு நாள் தேர்த் திருவிழா. மடப்பள்ளியிலிருந்து சாமிகள் மகமேருத் தேர்களில் ஏறி, பக்தர்களின் தோள்மேல் வனக்கோயிலுக்குப் போகும். அந்தத் திருவிழாவோடு கூடுவதுதான் தென்னாட்டில் பேசப்படும் குதிரைச் சந்தை. திப்பு சுல்தானின் குதிரைப்படைக்கு இங்கிருந்துதான் குதிரை வாங்கினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். 1799 வரை கொங்குநாட்டின் இந்தப் பகுதி மைசூர் ஆட்சியில் இருந்ததால், நடந்திருக்கக்கூடிய விஷயம்தான்.

சந்தைக்கு முந்தைய நாளே லாரிகள் வந்து சேர்ந்துவிடும். ராஜஸ்தானத்து மார்வாரி, சௌராஷ்டிரத்துக் கத்தியவாரி, வெள்ளை வெளேரென்ற நொக்ரா, நம் பக்கத்து நாட்டுக் குதிரை, பிள்ளைகள் ஏறும் மட்டக்குதிரை என்று எல்லாம் இறங்கும். கத்தியவாரியையும் மார்வாரியையும் காதை வைத்துக் கண்டுகொள்ளலாம். இரண்டு காதுகளின் நுனியும் உட்புறமாக வளைந்து ஒன்றையொன்று தொடப்பார்க்கும். மற்ற குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி வராது.

வெளியிலிருந்து குதிரையை வரவழைப்பது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. பட்டினப்பாலை காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரை வந்து இறங்கியிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகள் வாங்கப்படுவதையும், வளர்க்கத் தெரியாததால் அவை சீக்கிரம் செத்துப்போவதையும் எழுதி வைத்திருக்கிறார். சோற்றோடு வெந்த இறைச்சியைக் கலந்து குதிரைக்குப் போட்டார்கள் என்கிறார். உண்மையோ மிகையோ, அந்த வணிகர்களுக்கு மட்டும் நஷ்டமில்லை. செத்த குதிரைக்கு ஈடாக அடுத்த ஆண்டு இன்னொன்று விற்கும் அல்லவா?

இன்றைய அந்தியூரில் அப்படியெல்லாம் யாரும் ஏமாறுவதில்லை. வாங்க வருகிறவர் முதலில் கையை வைப்பது குதிரையின் வாயில். உதட்டைத் தூக்கி வெட்டுப்பல்லைப் பார்ப்பார். ஐந்து வயதுக்குள் பால்பல் எல்லாம் விழுந்து நிலைப்பல் வந்துவிடும். அதற்கு மேல் பல்லின் தேய்மானம்தான் வயதைச் சொல்லும். அடுத்தது சுழி. நெற்றியில், கழுத்தில், விலாவில், முதுகில், ரோமம் எங்கெங்கே சுழித்திருக்கிறது என்று விரலால் தடவித் தேடுவார்.

"ஏனுங்க, சுழி சுத்தமுங்களா?"

"நீங்களே பாத்துக்கோங்க தம்பி. நான் சொல்லி நீங்க கேக்கவா போறீங்க?"

"கழுத்துல இருக்கறது எதுங்க?"

"அது நல்ல சுழிதானுங்க. இல்லீன்னா நான் மூணு வருசம் வெச்சிருப்பனா?"

இந்தப் பேச்சு அரைமணி ஓடும். கெட்ட சுழி என்று ஒன்று அகப்பட்டுவிட்டால் எப்பேர்ப்பட்ட குதிரைக்கும் விலை இறங்கிவிடும். சுழியில் எனக்கு நம்பிக்கையில்லை. அந்த அரைமணியில் பாதியைக் குளம்புக்குச் செலவிடலாம் என்பேன். விவரம் தெரிந்தவர்கள் நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, லாடம் அடித்த ஆணி எவ்வளவு உயரத்தில் வெளியே வந்திருக்கிறது, குளம்பில் வெடிப்பு உண்டா, உள்ளங்குளம்பில் நாற்றம் அடிக்கிறதா என்று பார்த்த பிறகே விலைக்கு வருகிறார்கள். விலை லட்சங்களில் நிற்கும். மாட்டுச் சந்தைப் பக்கம் போனால், இரண்டு பேர் கைமேல் துண்டைப் போட்டு மறைத்து, விரலைப் பிடித்தே பேரம் முடிப்பதையும் பார்க்கலாம். செம்பழுப்பில் வெள்ளைத் திட்டு விழுந்த பர்கூர் மலைமாடுகள் அங்கேதான் நிற்கும்.

கூட்டம் என்னவோ நாட்டியக் குதிரையைச் சுற்றித்தான். மேளத்துக்கு முன்னங்காலைத் தூக்கித் தூக்கி ஆடும், கட்டில்மேல் ஏறி நிற்கும். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. கடிவாளத்தை இழுத்துப் பிடித்த பிடியில் வாயோரம் நுரை தள்ளுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் உங்களுக்கும் ஒட்டாது.

சந்தையின் உண்மையான முகத்தைப் பார்க்க இரவு தங்க வேண்டும். எட்டு மணிக்குமேல் ராட்டினக் கூட்டம் கோயில் பக்கம் ஒதுங்கிவிடும். குதிரை வரிசையில் முளையடித்து, தலைக்கயிறு முன்னால், பின்னங்கால் கயிறு பின்னால் என்று கட்டியிருப்பார்கள். முன்னாலும் பாய முடியாது, பக்கத்துக் குதிரையை உதைக்கவும் முடியாது. காலையிலேயே ஊறவைத்த கொள்ளு வாளி வாளியாக வரும். கோதுமைத் தவிடு, ஒரு கை உப்பு, சிலர் கொஞ்சம் வெல்லம். பிறகு தண்ணீர். ஒரு குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும் என்றால், நூறு குதிரை நிற்கும் இடத்தில் குடம் சுமக்கிறவர் பாட்டை நினைத்துப் பாருங்கள். வடக்கத்திப் பையன்கள் லாரிக்கடியில் அடுப்பு மூட்டி ரொட்டி சுடுவார்கள். பக்கத்திலேயே சேலத்துக்காரர் சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பிரிப்பார். இருவருக்கும் பொதுமொழி குதிரைதான்.

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். முழங்கால் மூட்டைப் பூட்டிக்கொண்டு நிற்கும் அமைப்பு அதற்கு உண்டு. ஆனால் ஆழ்ந்து தூங்க அதுவும் படுத்தாக வேண்டும். இடம் பயமில்லை என்று மனதுக்குப் பட்டால்தான் படுக்கும். முதல்நாள் இரவு பெரும்பாலான குதிரைகள் நின்றே கழிக்கின்றன. ஜெனரேட்டர் சத்தம், புதுவாசனை, பக்கத்தில் பழக்கமில்லாத குதிரை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் இரவில், ஒன்று முன்னங்காலை மடக்கி மெல்ல உடம்பைச் சாய்க்கும். பக்கத்துக் குதிரை படுக்காது. காதைத் திருப்பித் திருப்பிக் காவலுக்கு நிற்கும். வளர்ப்பவர் கயிற்று நுனியைத் தன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு அதனருகிலேயே படுத்திருப்பார். காசு கொடுத்து எந்த ரிசார்ட்டிலும் இந்தக் காட்சி கிடைக்காது.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு, எதிரே தெரியும் பர்கூர் மலையில் குதிரைச் சவாரி போகலாமா என்று ஆசை வரும். முடியாது. அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களில் 80,000 எக்டேருக்கும் மேற்பட்ட காட்டைத் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக 2024 தொடக்கத்தில் அரசு அறிவித்துவிட்டது. இந்தப் பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலை. இரண்டுக்கும் நடுவே யானை போகும் வழி இது. இந்தத் தடையில் எனக்கு வருத்தமே இல்லை. யானை வாசனை மூக்கில் ஏறினால் குதிரை மிரண்டு திரும்பும். திரும்பும்போது முதுகில் நீங்கள் இருப்பீர்களா என்பது சந்தேகம். வேண்டுமானால் கொள்ளேகால் சாலையில் பஸ்ஸில் ஏறி, வரட்டுப்பள்ளம் அணையையும் தாமரைக்கரையையும் ஜன்னலோரம் பார்த்துவிட்டு வாருங்கள். மாலையில் அணைக்கு யானை தண்ணீர் குடிக்க இறங்குவதுண்டு.

குதிரை நடக்கும் காட்டுத்தடம் வேண்டுமென்றால் தேனி மாவட்டத்துக்குப் போக வேண்டும். போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி. அங்கிருந்து மேலே ஏறும் பாதையின் வரலாறே சுவையானது. மூணாறுத் தேயிலையைக் குந்தளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் அடிவாரத்துக்கு இறக்கினார்கள். 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன. ரயில் போனாலும் பொதிக்குதிரை போகவில்லை. சாலை இல்லாத மலைக்கிராமங்களிலிருந்து காபியும் மிளகும் இன்றும் குதிரை முதுகில்தான் இறங்குகின்றன. அரிசியும் பருப்பும் அதே குதிரையில்தான் ஏறுகின்றன. தேர்தல் வந்தால் அகமலைப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு வாக்கு இயந்திரமும் குதிரையில்தான் போகிறது.

அந்தப் பாதையில் நீங்கள் நடக்க, குதிரை சுமக்கும். தூரத்தில் கழுத்துமணி கேட்டதும் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் பொதி மூட்டை இடித்தே தள்ளிவிடும். குதிரை உங்களுக்காக நிற்காது. நின்றால் பொதியின் சமன் கெட்டு அதற்கு இன்னும் சிரமம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. 2018 மார்ச் 11 அன்று இதே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படுத்தி, இணையத்தில் முன்பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டியோடு போகும்படி ஏற்பாடு செய்திருக்கிறது. குரங்கணி முதல் சாம்பலாறு வரை உள்ள பாதை அவற்றில் ஒன்று. காட்டுத்தீப் பருவத்தில் மூடிவிடுவார்கள். குறுக்குவழி காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

கடைசியாக, அந்தியூருக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கையிலிருக்கும் பிஸ்கட்டையும் வாழைப்பழத்தையும் கண்ட குதிரைக்கும் நீட்டாதீர்கள். குதிரைக்கு வாந்தி எடுக்கவே வராது. ஒவ்வாதது உள்ளே போனால் வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகும். பிள்ளைகளைக் குதிரையின் பின்பக்கம் விடாதீர்கள். திருவிழாத் தேதியைக் கோயிலில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். புதனன்றோ வியாழனன்றோ போய்ச் சேர்ந்துவிடுங்கள். விற்ற குதிரை யாருக்காகவும் காத்திருக்காது, லாரி ஏறிவிடும்.