சிகிச்சையிலும் மஷூரா வேண்டும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டபின், உடல்நலம் குறித்துச் சில வார்த்தைகள் கூறுமாறு நிர்வாகிகள் நம்மைப் பணித்தனர். நாம் மருத்துவரல்லர். ஆயினும் ஒரு நோயாளி என்ற முறையில் பேச நமக்குத் தகுதி உண்டு.

ரமளானில் இஃதிகாஃப் இருப்போரில் ஒருவர் பலமாகக் குறட்டை விட்டால் மற்றவர்கள் சிரிப்பதுண்டு. நம்மைக் குறித்தும் சிரித்தார்கள்; நாமும் சேர்ந்தே சிரித்தோம். நம் வீட்டார் மட்டும் சிரிக்கவில்லை. "குறட்டை திடீரென நின்றுவிடுகிறது. மூச்சே இல்லை. பிறகு திணறிக்கொண்டு புரள்கிறீர்கள்" என்று அவர் பலமுறை சொல்லியும் நாம் பொருட்படுத்தவில்லை. ஓரிரவு பக்கத்து ஊரில் கூட்டம் முடித்து மோட்டார் சைக்கிளில் திரும்பினோம். விழித்திருப்பதாகவே எண்ணியிருந்தோம், கண் திறந்தபோது சாலையோரப் பள்ளத்தில் கிடந்தோம். பின்னால் அமர்ந்திருந்த மகனுக்குக் கை முறிந்தது. நம் அலட்சியத்தின் விலையை அந்தப் பிள்ளை கொடுத்தான்.

இந்நோய்க்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. 10 வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதையும், வெகுவாகக் குறைவதையும் மருத்துவர்கள் எண்ணுகின்றனர். மணிக்கு 5 முதல் 15 முறைக்குள் என்றால் இலேசானது. 15 முதல் 30க்குள் நடுத்தரமானது. 30ம் அதற்கு மேலும் கடுமையானது. ஓரிரவு உறங்கவைத்துச் செய்த பரிசோதனையில் நமக்கு 34 என வந்தது. பகல் உறக்கமும் மறதியும் மட்டுமல்ல, உயர் இரத்த அழுத்தமும் இதனோடு தொடர்புடையது.

மருத்துவர் சி-பேப் இயந்திரம் வாங்கச் சொன்னார். முகமூடி வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தி, தொண்டை அடைபடாமல் காக்கும் கருவி அது. சிட்னி நகரின் மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய சகாக்களும் 1981ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்த முறை. நாம் "சரி டாக்டர்" என்று கூறி வெளியே வந்தோம். அந்த ஒரு சொல்லில்தான் நம் தவறு இருந்தது.

முகமூடி நம் தாடியின் மேல் படியவில்லை. இடைவெளியில் காற்றுக் கசிந்து சீறியது, கண்கள் உலர்ந்தன. மின்சாரம் போனால் விழிப்புத்தான். 12ஆம் நாள் இயந்திரத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். மருத்துவரிடம் திரும்பிச் செல்லவுமில்லை. தாடியை எடுக்கச் சொல்லிவிடுவாரோ என்ற அச்சமே காரணம். ஆறு மாதம் சென்றது; இரத்த அழுத்தம் கூடியது.

இறுதியில் நம் வீட்டார் வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அம்மருத்துவர், "இயந்திரத்தைப் பயன்படுத்த எது தடையாக இருக்கிறது?" என்று கேட்டார். நாம் தயங்கினோம், வீட்டாரே சொன்னார். மருத்துவர் புன்னகைத்து, "தாடியைத் தொடவே வேண்டாம் ஹஜ்ரத். மூக்குத் துவாரங்களில் மட்டும் பொருந்தும் சிறிய வகை உண்டு" என்றார். ஆறு மாத அச்சம் ஒரு வாக்கியத்தில் தீர்ந்தது! மின்தடைக்கு பேட்டரியும் உண்டு என்றார்.

பின்னர் மற்ற வழிகளையும் நம் முன் வைத்தார். கீழ்த்தாடையைச் சற்று முன்னே நிறுத்தும் பல் கருவி ஒன்று. இலேசான, நடுத்தர நோய்க்கு அது பெரிதும் ஏற்றது. உறுதியான பற்கள் வேண்டும். நாளடைவில் பற்கள் சற்று நகரக்கூடும். எடை குறைப்பது மற்றொன்று. உடற்பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான நோயுள்ளவர்களுக்கு டிர்செபடைட் என்னும் ஊசி மருந்தை அமெரிக்க அரசு 2024 டிசம்பரில் அனுமதித்தது. நிறுத்தினால் எடை திரும்பக்கூடும். மல்லாந்து படுக்கும்போது மட்டும் நோய் மிகுபவர்களுக்கு ஒருக்களித்துப் படுப்பதே பெரும் உதவி. அறுவைச் சிகிச்சை சிலருக்கே பொருந்தும். டான்சில் வீங்கிய குழந்தைகளுக்கோ பெரும்பாலும் அதுவே முதல் வழி.

ஒவ்வொன்றாலும் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ கண்ட 2,700க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், இவ்வியந்திரம் மாரடைப்பு முதலியவற்றைக் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் பகல் உறக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. அவர்கள் அதை அணிந்ததோ இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே. "உங்களுக்கு இப்போது எது முக்கியம்?" என்று கேட்டார். "இனி வண்டியில் உறங்கக்கூடாது" என்றோம். "அப்படியானால், உங்கள் 34க்கு இயந்திரமே முதல் வழி, எடையையும் குறைப்போம்" என்று இருவருமாக முடிவு செய்தோம்.

சகோதரர்களே! பள்ளிவாசலுக்கு ஓடு மாற்றுவதற்கும் மஷூரா செய்கிறோம். பிள்ளைகளின் திருமணத்திற்கும் மஷூரா செய்கிறோம். நம் மூச்சு பற்றிய முடிவுக்கு மட்டும் ஏன் வாய்மூடித் தலையசைக்கிறோம்? மஷூராவில் இருதரப்பும் பேச வேண்டும். மருத்துவரிடம் இருப்பது கல்வியும் அனுபவமும். நம்மிடம் இருப்பது நம் தொழில், நம் பணவசதி, நம் வீடு, நம் அச்சம். இவற்றை நாம் சொல்லாவிட்டால் அவர் எவ்வாறு அறிவார்? அதே வேளையில், விருப்பப்படி எதையும் தேர்ந்தெடுப்பது மஷூரா ஆகாது. கடுமையான நோயுள்ளவர் சிகிச்சையே வேண்டாமென்று லாரி ஓட்டினால், அது அவருடைய சொந்த விஷயம் மட்டுமல்ல. சாலையில் வருபவனும் ஒருவருடைய மகனே.

எனவே மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: என் நோய் எந்த அளவில் உள்ளது? எனக்குப் பொருந்தும் வழிகள் யாவை? ஒவ்வொன்றின் பயன் என்ன, தொல்லை என்ன, செலவு என்ன? எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஒத்துவராவிட்டால் எப்போது திரும்ப வரவேண்டும்? தனியே செல்லாதீர்கள்; வீட்டாரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நம் உறக்கத்தை நாம் பார்த்ததில்லை, அவர்களே பார்த்தவர்கள்.

இன்று இரவுக்கு ஆறு மணி நேரம் அதை அணிந்து உறங்குகிறோம். மகனின் கை கூடிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். வரும் இஃதிகாஃபில் ஒருவருடைய குறட்டை இடையில் நின்று நின்று எழுவதைக் கேட்டால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். காலையில் தனியே அழைத்துச் சொல்லுங்கள். அது நாம் அவருக்குச் செய்யும் நல்லுபகாரம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண உடல்நலத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.