பேசும் கணினி மௌனமாகலாமா?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கணினி. "நமக்கென்னங்க அதுல?" என்று பின்வரிசையில் யாரும் எழுந்துவிட வேண்டாம். கண்பார்வை இல்லாத ஒரு பிள்ளையின் படிப்பும் பிழைப்பும் இதில் அடங்கியிருக்கின்றன.

பார்வையற்றோர் கல்வி நம் மலாக்காவுக்குப் புதிதல்ல. இன்று பினாங்கில் இருக்கும் செயின்ட் நிக்கலஸ் இல்லம், 1926ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் சபையாரால் இதே மலாக்காவில்தான் தொடங்கப்பட்டது. அன்று அப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல். இன்று அதோடு திரைவாசிப்பான் என்ற மென்பொருளும் இருக்கிறது. திரையில் உள்ளதை அது வாய்விட்டுப் படித்துக் காட்டும்.

1978இல் கார் விபத்தில் பார்வை இழந்த அமெரிக்கர் டெட் ஹென்டர். அவர் தொடங்கிய நிறுவனம் 1989இல் 'ஜாஸ்' என்ற திரைவாசிப்பானை வெளியிட்டது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 'என்விடிஏ'வைத் தொடங்கினார். இதற்குக் காசு வேண்டாம், இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் என்ற குரலுக்குத் தமிழும் படிக்கத் தெரியும்.

ஆனால் எல்லா மென்பொருளையும் திரைவாசிப்பான் தானாகவே நன்றாகப் படித்துவிடாது. "இந்தக் கட்டத்தைப் படி, அந்த விலையைச் சொல்" என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கும் சிறு நிரல்கள் உண்டு. ஸ்கிரிப்ட் என்பார்கள். இன்றைய பேச்சு அதில் வரும் பிழையைப் பற்றித்தான்.

பிழை இருவகை. எழுதும்போதே தவறாக எழுதுவது ஒன்று. அது முன்னாலேயே பிடிபட்டுவிடும். மற்றது, எல்லாம் சரியாக எழுதியும் ஓடும்போது வருவது. மாணவர்களே, மொத்த மதிப்பெண்ணைப் பாடங்களின் எண்ணிக்கையால் வகுத்து, சராசரியைப் படிக்கச் சொல்கிறோம். இன்னும் ஒரு பாடமும் பதியவில்லை. சுழியத்தால் வகுக்க முடியுமா? அங்கேயே நிரல் நின்றுவிடும்.

பார்வை உள்ளவர் என்றால் திரையைப் பார்த்து, "ஏதோ கோளாறு" என்று தெரிந்துகொள்வார். காதையே நம்பியிருப்பவருக்கு? ஒரு சத்தமும் இல்லை. கணினி யோசிக்கிறதா, நின்றுவிட்டதா, வேலை முடிந்துவிட்டதா? ஒன்றும் புரியாது. வங்கிக்குப் பணம் அனுப்பும் நேரத்தில் அப்படி ஆனால், "போச்சா, போகலையா?" என்று மறுபடியும் பொத்தானை அழுத்துவார். பணம் இரண்டு தடவை போய்விடலாம்!

இதற்கு வழி என்ன? காலைப் பெரட்டுக்குப் போன பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்கும். மண்டோர் பெயர் கூப்பிடுகிறார். ஒருவர் வரவில்லை. அதற்காக எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவாரா? மாட்டார். வராதவரைச் செக்ரோலில் குறித்துக்கொள்வார், அவருடைய நிரைக்கு வேறு ஆள் போடுவார், கிராணிக்கும் தகவல் சொல்வார். வேலை நடக்கும்.

நல்ல ஸ்கிரிப்டும் அப்படித்தான். முதலில், வகுப்பதற்கு முன்பே எண்ணிக்கை சுழியமா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, எதிர்பாராத பிழை வந்தால் அதைப் பிடித்து நிறுத்தி, மற்ற வேலை நடக்க விட வேண்டும். என்விடிஏவின் துணைநிரல்கள் எழுதப்படும் பைத்தான் மொழியில் 'டிரை', 'எக்செப்ட்' என்ற இரு சொற்கள் இதற்கென்றே இருக்கின்றன. மூன்றாவது, பிழையைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். என்விடிஏ விசையோடு எஃப்1 அழுத்தினால், பார்வையற்றவர் தாமே அந்தப் பதிவேட்டைக் காதால் படித்துத் திருத்தலாம். நான்காவதுதான் முக்கியம்: "சராசரி கணக்கிட முடியவில்லை" என்று ஒரே ஒரு வரி, தெளிவாக, குரலில் சொல்ல வேண்டும். ஒரே பிழையை நூறு தடவை கத்தவும் கூடாது.

சிலர் பிழையைப் பிடித்து, ஒன்றும் சொல்லாமல் அமுக்கிவிடுவார்கள். இன்னும் சிலர் விடை கிடைக்காத இடத்தில் "சுழியம்" என்று போட்டுவிடுவார்கள். அது மௌனத்தைவிடக் கொடியது. மதிப்பெண்ணே பதியாத பாடத்தில் சுழியம் வாங்கியதாக நினைத்து ஒரு பிள்ளை அழுமே!

சரி, பேசுகிற குரலே பழுதானால்? தேர்ந்தெடுத்த குரல் ஏற்றப்படாவிட்டால், என்விடிஏ தானே வேறொரு குரலுக்கு மாறப் பார்க்கும். துணைநிரல் ஒன்று தொல்லை கொடுத்தால், துணைநிரல்கள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்கவும் அதில் வழி இருக்கிறது. கடைசிக் கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள். ஏனென்றால் எழுதியவர்களே அதை நம்பி வாழ்கிறவர்கள்.

பெற்றோர்களே! உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பார்வை குறைந்த பிள்ளை இருந்தால், "விதி" என்று மூலையில் உட்கார வைத்துவிடாதீர்கள். கோலாலம்பூரில் 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

மாணவமணிகளே! நாளை உங்களில் ஒருவர் நிரல் எழுதப் போகிறீர்கள். எழுதும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "இது நின்றுபோனால், திரையைப் பார்க்க முடியாத என் தோழனுக்கு யார் சொல்வது?" அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள். அதுவே நீங்கள் அவனுக்குத் தரும் பரிசு.