கடல் கடந்த மருத்துவ ஊழியம்



நம் சங்கத்தின் துணையால் மருத்துவமும் செவிலியர் கல்வியும் பயின்ற பிள்ளைகள் சிலர், திருச்சபைக் குழுக்களோடு ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குத் தொண்டாற்றச் செல்ல விழைகின்றனர். இஃது நமக்குப் பெருமையே. ஆயினும் ஒரு வினாவை அவர்கள்முன் வைக்கின்றோம். பத்து நாள் முகாம் முடிந்து திரும்பிய பின், அவ்வூரில் எஞ்சுவது யாது?

பல் பிடுங்குவது ஒரு நாளில் முடியும். இரத்தக் கொதிப்புக்கோ நாள்தோறும் மருந்து வேண்டும். இரு வாரத்து மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு நாம் விமானம் ஏறினால், மூன்றாம் வாரத்தில் அந்நோயாளி யாரிடம் செல்வார்?

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றினார். தமிழ் கற்றார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். தமிழ் மாணாக்கரின் துணையோடு 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களைத் தமிழில் கொணர்ந்தார். 60க்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கிய பின்னரே, 1873இல் தாயகம் திரும்பினார். அவர் சென்ற பின்னும் அவர் தந்த கல்வி அம்மண்ணில் நின்றது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே தம்பதியர், 1970இல் மகாராட்டிரத்து ஜாம்கேடில் பணி தொடங்கினர். ஊர்தோறும் பெண்களைத் தேர்ந்து நலப் பணியாளராகப் பயிற்றினர். எழுத்தறியாதோரும் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானோரும் அவருள் பலர். எக்கைகள் பட்டால் தீட்டு என்று ஒதுக்கினரோ, அக்கைகளே அவ்வூர்களில் பிறந்த குழந்தைகளை ஏந்தின.

இளைஞர்களே, இலவச மருந்துக்காக வரிசையில் நின்ற நிலையை நம் முன்னோர் நன்கறிவர். கொடுப்போர் முகத்தில் அன்பைக் கண்டதும் உண்டு. இளக்காரத்தைக் கண்டதும் உண்டு. ஆதலின் பிறர் நோயைப் படம் பிடித்துப் பெருமை தேடாதீர்கள். செல்லுமுன் அவர்தம் மொழியில் சில சொற்களேனும் கற்றுக்கொள்ளுங்கள். உள்ளூர்ச் செவிலியரின் சொற்கேட்டுப் பணி செய்யுங்கள். நோயாளிகளின் விவரங்களை எழுதி அவரிடமே ஒப்படைத்துத் திரும்புங்கள். அவ்வூரார் ஒருவருக்கேனும் நீங்கள் கற்றதைக் கற்பித்து வாருங்கள்.

கற்ற கல்வியைப் பிறர் கையில் சேர்ப்பதே தொண்டு. இச்சங்கமும் நமக்குச் செய்தது அதுவே. சென்று வருக!