பழைய காரின் ஓசை



உற்பத்தி 2014இல் நின்றுபோன அம்பாசிடர் கார் ஒன்று நம் சங்கத்திற்கு உண்டு. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அதன் பின்புறத்தில் 'டக்' என்றோர் ஓசை எழுந்தது. ஓட்டுநர் முரட்டுத்தனமாக ஓட்டுவதே காரணமென நாம் கடிந்தோம். ஷாக் அப்சார்பரை மாற்றினோம், ஓசை ஓயவில்லை.

ஓட்டுநர் மறுமொழி கூறாது வண்டியைக் குழியின்மேல் நிறுத்தி, பின்புறத்தை அழுத்தி அழுத்தி விடுமாறு நம்மை வேண்டி, அடியிலிருந்து ஒவ்வோர் இணைப்பையும் தொட்டறிந்தார். வில்பட்டைகளைக் காரின் உடலோடு பிணைக்குமிடத்தில் ரப்பர் புஷ்கள் தேய்ந்து, இரும்போடு இரும்பு மோதியது. அவற்றை மாற்றியதும் ஓசை அடங்கிற்று.

சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஒலி கேட்டே பழுதறிந்த ரயில்வேயில் ஊழியம் செய்தும், ஓசையின் பிறப்பிடத்தை ஆராயாது ஆளைப் பழித்தோம். அவர் இவ்வவையில் அமர்ந்திருக்கிறார், பொறுத்தருள வேண்டுகிறோம்.