வட்டத் தடிப்பும் காணாக்கடியும்

(கருவேப்பிலங்குறிச்சிக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மேனியில் வட்டமாய்ச் சிவந்து தடித்தால், அதனைக் "காணாக்கடி" என்னும் ஒரு சொல்லில் நம்மவர் முடித்துவிடுகின்றனர். பெயர் ஒன்றாயினும் காரணம் பலவாதலின், அவற்றைப் பகுத்துக் கூற முற்படுகின்றோம்.

முதலாவது, கொசு, எறும்பு முதலியன கடித்த தடிப்பு. இது விரைவில் அரிப்புடன் தோன்றிச் சின்னாளில் தானே தணியும்.

இரண்டாவது, படர்தாமரை. நடு தெளிந்து, விளிம்பு செதிலுடன் நாளுக்கு நாள் விரியும். இது பூச்சிக்கடியன்று; பூஞ்சையால் வந்து பிறர்க்கும் தொற்றுவது. ஸ்டீராய்டுக் களிம்பு பூசின் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ மேலும் பரவும். அக்களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு விதித்தது இத்தகைய தீங்கு கருதியே.

மூன்றாவது, உண்ணி கடித்தபின் பெருவட்டமாய் விரியும் லைம் நோய். அமெரிக்க நாட்டு ஊரொன்றின் பெயர் பெற்ற இது நம் நாட்டில் அரிது.

நாம் அஞ்சத்தக்கது நான்காவதாகிய ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலே. புதரிலும் வரப்புப் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுண்ணுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் இது வரும். கடித்தவிடம் சுருட்டு நெருப்புப் பட்டாற்போல் கருத்துப் பொருக்குத் தட்டும். சுற்றிலும் செவ்வளையம் தோன்றும். வலியும் அரிப்பும் பெரும்பாலும் இன்மையின் நோயாளியே அதனை அறியான்.

எம் மாணவன் ஒருவன் ஆறு நாள் காய்ச்சலில் கிடந்தான். வீட்டார் கஷாயமும் விபூதியும் கொடுத்துக் காத்திருந்தனர். மூச்சுத் திணறியபின் மருத்துவமனை சேர்த்தபோது, அரைஞாண் கயிற்றின்கீழ் அப்பொருக்கினை மருத்துவர் கண்டார். பிள்ளை பிழைத்தான், ஆயினும் இருநாள் அவன் தாய் பட்ட துயரம் எம்மால் மறத்தற்கரிது.

உரிய காலத்தில் கொடுப்பின் டாக்ஸிசைக்ளின் என்னும் மருந்து இந்நோயை நன்கு தீர்க்கும். தாழ்ப்பின் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை தாக்குண்டு உயிர்க்கே இறுதி நேரவும் கூடும்.

ஆதலின் தாய்மார்களே! மழைக்குப் பின்வரும் குளிர்மாதங்களில் பிள்ளைகட்குக் காய்ச்சல் கண்டால், அக்குள், தொடையிடுக்கு, அரை, காதின் பின்புறம் ஆகியவற்றை விளக்கொளியில் நோக்குமின். பொருக்குக் காணப்படின் அன்றே மருத்துவரிடம் காட்டுமின். காணப்படாவிடினும் காய்ச்சல் நீடிப்பின் வாளாவிராதீர். பொருக்கு எல்லார்க்கும் தோன்றுவதன்று. வயலினின்று மீண்டோர் உடை மாற்றிச் சோப்பிட்டுக் குளித்தல் நன்று.

காணாக்கடி என்று பெயரிட்டுவிட்டுக் காணாதிருத்தல் ஆகாது. கண்டு காப்பதே நம் கடன்.