மென்பொருள் ஆக்கமும் தரக் கடமையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சென்னையையும் நம் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கம்பி பயனுக்கு வந்தது. இங்கிருந்தே மென்பொருட் பணி ஆற்றலாம் என்னும் நம்பிக்கை நம் பிள்ளைகளுக்குப் பிறந்தது. அப்பணியில் அவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றைச் சிந்திப்போம்.

கணிப்பொறிக்கு இடும் கட்டளைத் தொகுப்பே மென்பொருள். பல நிறுவனங்களில் ஒரு சாரார் அதனை எழுதுவர்; மற்றொரு சாரார் முடிவில் சோதிப்பர். இம்முறையை விடுத்து, தேவையை வகுக்கும் முதல் நாள் தொட்டே அனைவரும் தரத்திற்குப் பொறுப்பேற்பதே தரப் பொறியியல்.

இம்மாற்றம் எதற்கு? 1996 ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பியரின் ஏரியன்-5 ராக்கெட், முதற் பயணத்திலேயே, ஒரு நிமிடத்திற்குள் சிதறிற்று. ஏரியன்-4-இல் நன்கு உழைத்த மென்பொருட் பகுதியை அதில் அப்படியே எடுத்தாண்டனர். புதிய ராக்கெட்டின் கிடைவேகமோ மிகுதி; அதைக் குறிக்கும் எண் ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. புதிய பாதையின் அளவுகள் அக்கருவிக்குரிய தேவைக் குறிப்பில் இடம்பெறவே இல்லை. குறிப்பில் இல்லாததை, கடைசியில் நின்று சோதிப்பவர் எங்ஙனம் காண்பார்?

இம்மாற்றத்திற்குப் பெருந்தடை மனித மனமே. "சோதிப்பது என் வேலையன்று" என்பது எழுதுவோர் செருக்கு. "எல்லாரும் சோதித்தால் என் பிழைப்பு என்னாவது?" என்பது சோதிப்போர் அச்சம். "நாள் கடக்கிறது, அனுப்பிவிடு" என்பது மேலாளர் அவசரம். பிழையை எடுத்துரைத்தவரைத் தண்டித்தால், பிழை மறைக்கப்படுமேயன்றித் தீராது.

ரயில்வேயில் கணிப்பொறி முன்பதிவு 1985-இல் டெல்லியில் தொடங்கிற்று. இன்று தண்டவாளமே இல்லாத இத்தீவில் இருந்துகொண்டே சென்னைக்கு அப்பாற் செல்லும் வண்டிக்கு இடம் பதிவு செய்கிறோம். இத்தகைய மென்பொருளில் பிழை நேர்ந்தால், முதலில் துன்புறுபவர் அதனை எழுதியவரல்லர். வரிசையில் நிற்கும் பயணியும், அவருக்கு விடை சொல்ல வேண்டிய எழுத்தருமே. ஆகவே அவர்தம் சொல்லையும் தொடக்கத்திலேயே கேட்டல் வேண்டும்.

பழக்கம் மாறாது என்பாருக்குச் சென்னை பாடியே விடை. அங்கே பிரேக் உறுப்புகள் செய்த சுந்தரம் கிளேட்டன் பிரிவு, தொழிலாளர் அனைவரும் பங்கேற்ற தர முறையால், 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசை வென்றது. அப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே. இரும்பில் இயன்றது எழுத்தில் இயலாதோ?

சிறு குழு ஒன்றில் தொடங்குக. சோதிப்பவரை முதற் கூட்டத்திலேயே அமர்த்துக. தானே இயங்கும் சோதனைகளை எழுத அவருக்குக் கற்பித்து, அச்சம் போக்குக. எழுதுபவர் தம் ஆக்கத்தைத் தாமே முதலில் சோதிக்கட்டும். நம் இளைஞர் செல்லும் இடமெல்லாம், "தமிழர் கைப்பட்ட பணி பழுதற்றது" எனும் பெயர் நிலைக்கட்டும்!