49 வாக்கும் 289 வாக்கும்

(பாளையங்கோட்டையில் நடந்த இளைஞர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வருகிற சட்டமன்றத் தேர்தலில் நம் தெருவிலிருந்து ஒருவரைச் சுயேச்சையாக நிறுத்தலாம் என்று இங்கே சிலர் சொல்கிறீர்கள். "வாக்கைப் பிரிப்பதைத் தவிர வேறென்ன ஆகும்?" என்று சிலர் கேட்கிறீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

2016 தேர்தலில் ராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை வென்றது 49 வாக்கில். தென்காசியில் காங்கிரஸ் அதிமுகவிடம் தோற்றது 462 வாக்கில். ஓட்டப்பிடாரம் தனித்தொகுதியில் டாக்டர் கிருஷ்ணசாமி அதிமுகவிடம் தோற்றது 493 வாக்கில். மூன்றையும் கூட்டினால் 1,004. திருநெல்வேலியில் திமுக 601 வாக்கில் கரையேறியது. இந்த ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாக்குப் பதிவானது.

அந்தத் தேர்தலில் அதிமுக பெற்றது 134 இடங்கள். மறு ஆண்டே கட்சி உடைந்தது. 122 பேர் ஆதரவில்தான் எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் பிழைத்தது. அப்போது ஒவ்வொரு உறுப்பினருக்கும் என்ன மதிப்பு இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

சுயேச்சை ஜெயிக்கவே முடியாதா? இதே ராதாபுரத்தில் 2001இல் அப்பாவு சுயேச்சையாக நின்று ஜெயித்தார். ஆனால் அவர் அதற்கு முன்பே அதே தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். நம் தெருப் பையனுக்கு அந்த முகமும் கிடையாது, அந்தப் பணமும் கிடையாது. அவனுக்கு ஐந்நூறு, ஆயிரம் வாக்குதான் விழும். அந்த ஐந்நூறு என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

"பிரிக்கிறார்கள்" என்ற சொல்லையே நான் ஏற்கவில்லை. பிரிப்பதென்றால் அது ஏற்கெனவே யாரோ ஒருவரின் சொத்தாக இருக்க வேண்டும். சேரியின் வாக்கு எந்தக் கட்சியின் பட்டாவிலும் இல்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அதே 2016இல் காட்டுமன்னார்கோயில் தனித்தொகுதியில் தோழர் திருமாவளவன் தோற்றது 87 வாக்கில். அங்கே திருமாவளவன் என்ற அதே பெயரில் ஒரு சுயேச்சையும் நின்றார். அவருக்கு விழுந்தவை 289 வாக்கு. அத்தனையும் நம் தலைவருக்கு என்று நினைத்துப் போட்டவை என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கு இடம் மாறியிருந்தாலே முடிவு மாறியிருக்கும். 2024இல் ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் இன்னும் பலர் மனு போட்டார்கள். சுயேச்சை என்ற ஆயுதம் யார் கைக்கும் போகும்.

பணமில்லாதவர் கைக்கு மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டுப் போகும். 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் குறையை நாடு திரும்பிப் பார்க்க வேண்டும் என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனு போட்ட தேர்தல் அது. அந்த ஆண்டே சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, இப்போது 10,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அதுவும் போச்சு. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு முன்மொழிய ஒருவர் போதும்; சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். கூலி வேலை பார்ப்பவருக்கு இது சுமை. ஒரே பெயரில் ஆள் நிறுத்த நினைக்கும் பணக்காரருக்கு இது டீச்செலவு.

தனித்தொகுதியில் இது இன்னும் கூர்மையாகிறது. அங்கே வேட்பாளர் எல்லோரும் நம்மவர்கள். வாக்காளரில் பெரும்பாலோர் மற்றவர்கள். அதனால் அந்தப் பெரும்பான்மைக்கு எரிச்சல் தராத ஆளையே கட்சிகள் தேடிப் பிடிக்கின்றன. நம் வாக்கை மட்டும் வைத்து அங்கே ஜெயிக்க முடியாது. ஆனால் இருவர் நெருங்கி ஓடும்போது யாரைத் தடுப்பது என்பதைத் தீர்மானிக்க முடியும்.

அதற்கு மூன்று வேலை இருக்கிறது. முதலாவது, வாக்குச்சாவடி வாரியாக நம்முடன் நிற்பவர் எத்தனை பேர் என்ற பட்டியல். கையில் எண் இல்லாமல் பேரம் பேசாதீர்கள். இரண்டாவது, மனுத்தாக்கலுக்கு முன்பே கோரிக்கையை வெளியிட்டு, எல்லா வேட்பாளரிடமும் எழுத்தில் பதில் கேளுங்கள். 1999 ஜூலை 23இல் கூலிக்காக ஊர்வலம் வந்து, போலீஸ் தடியடியில் 17 உயிரைத் தாமிரபரணியில் பறிகொடுத்த மாஞ்சோலை மக்களுக்கு நிலம் தருவீர்களா என்று கேளுங்கள். மூன்றாவது, பதில் வராவிட்டால் ஆளை நிறுத்துங்கள், ஏன் நிறுத்துகிறோம் என்று வீடு வீடாகச் சொல்லுங்கள். வாபஸ் வாங்கும் கடைசி நாளுக்கு முந்தின இரவுதான் சந்தை கூடும். அன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள்.

இதற்கெல்லாம் ஆள்பலம் இல்லையென்றால், கட்சிச் சின்னமே இல்லாமல் நடக்கும் ஊராட்சித் தேர்தலில் தொடங்குங்கள். பட்டியல் எடுக்கும் வேலையை அதற்காக இந்த மாதமே ஆரம்பிக்கலாம்.